முட்டைக்கு எதற்குச் சோப்பு? காக்ஸ் டவுனில் ஒரு மாங்காய்ப் பொரியல்

போன சித்திரையில் பெங்களூருக்குப் போய் வந்தேன். லால்பாக், கப்பன் பார்க் என்று எதையாவது எதிர்பார்த்து இந்தப் பதிவுக்குள் வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். நான் பார்த்ததெல்லாம் ஒரு வாடகை வீட்டின் அடுப்படி. ஒரு அடுப்படிக்குள் ஒரு ஆளுக்கு இவ்வளவு அதிர்ச்சி காத்திருக்குமா என்று கேட்டால், காத்திருக்கும் சாமி, காத்திருக்கும்.

போனதற்குக் காரணம் என் தங்கை கலை. அவளுக்கு மூன்றாவது மாதம். இரண்டு வாரமாக வாயில் வைத்த எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு நாளைக்குள் ஏதாவது சாப்பிட்டுத் தங்கினால் சரி, இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவள் கணவர் டேவிட் போன் செய்தார். குரலே சரியில்லை.

எங்கள் வீடு வேலூரில், சுத்த சைவம். பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாசலோடு திருப்பி அனுப்புகிற சைவம். இரண்டு வருஷத்துக்கு முன் கலை டேவிட்டைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனாலும் நான் கிளம்பும்போது பருப்புப்பொடியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் பையில் திணித்து, "நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றாள்.

காட்பாடியிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீட்டர். காலை ரயிலில் மூன்றரை மணி நேரம் ஆனது. குப்பம் தாண்டியதும் ஜன்னல் காற்று மாறிவிடும், அதற்காகவே வலது பக்கம் இடது பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பிடியுங்கள். கன்டோன்மென்டில் இறங்கினால் காக்ஸ் டவுன் மிஞ்சிப்போனால் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். "மூணு கிலோமீட்டருக்கா?" என்றேன். "ஒன்வே மேடம், சுத்திக்கினு போகணும்" என்றார். எண்பதுக்குப் படிந்தது. சுற்றவேயில்லை, நேராகத்தான் போனார்.

கலை கதவைத் திறந்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. "என்னடி இது கோலம்?" என்று கத்திவிட்டேன். சூடாகச் சாதம் வடித்து, பருப்புப்பொடி போட்டு நெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். நான்கு வாய். அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அழுதேன்.

திரும்பி வந்து சுவரில் சாய்ந்தவள் மெல்லக் கேட்டாள். "அக்கா, முட்டை மாங்கா பொரியல் செஞ்சு தர்றியா?"

எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். "என்ன பொரியல்?"

"முட்டையும் மாங்காயும். மாங்கா சீசன்ல ஞாயித்துக்கிழமை ஆனா டேவிட் செய்வாரு. இப்ப திடீர்னு ஆசையா இருக்கு. அவர் வர ஆறு மணி ஆயிடும், அதுக்குள்ள இந்த ஆசையும் போயிடும்."

"நீ முட்டை சாப்பிடறியா?"

"ரெண்டு வருஷமா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இரண்டு வாரத்தில் அவளாக ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையில் இருந்த டேவிட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ மெஷின் சத்தம். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. நாலு முட்டை, ஒரு கிளிமூக்கு மாங்கா, சப்சிகே சோப்பு ஒரு கட்டு வாங்கிக்கோங்க." அதற்கப்புறம் செய்முறை.

எனக்கு அப்படித்தான் கேட்டது, சோப்பு. முட்டையைத் தொட்ட கையைக் கழுவ ஒரு நல்ல சோப்பும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் போலிருக்கிறது, சைவக்காரி மனசு தெரிந்த மாப்பிள்ளை என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தெருமுனைக் கடையில் முட்டையும் மாங்காயும் வாங்கிக்கொண்டு, "சப்சிகே சோப்பு இருக்கா?" என்றேன். கடைக்காரர் குளியல் சோப்புகளை வரிசையாக எடுத்து வைத்தார். "இதுல எது வேணும்க்கா? அந்தக் கம்பெனி நம்மகிட்ட இல்லியே." சரி, மணமாக இருக்கட்டும் என்று சந்தன சோப்பு ஒன்றை எடுத்தேன். "ஒரு கட்டுன்னு சொன்னாரே, நாலு சேர்ந்தா மாதிரி வருமா?" என்று கேட்டேன். அவர் என்னையும் கையிலிருந்த முட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ அக்கா! சோப்பு இல்ல, சொப்பு! கன்னடத்துல கீரைக்குச் சொப்புன்னு பேரு. சப்சிகே சொப்பு, அதோ!"

கூடையில் பெருஞ்சீரகச் செடி மாதிரி மயிரிழையாய் ஒரு கீரை. கடையில் நின்றிருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய. சோப்பைத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்து முகர்ந்தேன். கிரைப் வாட்டர்! சத்தியமாக, கைக்குழந்தைக்கு வயிற்று வலி என்றால் புகட்டுவோமே, அதே வாசனை. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று விதையாகக் கொடுப்பார்களே, அதன் இலைதான் இது என்று கலை சொன்னாள். மருந்தையும் மாங்காயையும் முட்டையோடு சேர்த்துத் தின்கிற ஊரா இது என்று மலைத்துப்போனேன்.

செய்முறை இதுதான். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, ஒரு பெரிய வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், துளி இஞ்சி. வெங்காயம் வதங்கியதும் பொடியாக நறுக்கிய மாங்காய், மஞ்சள்தூள், உப்பு. மூடி வைத்தால் ஐந்து நிமிஷத்தில் மாங்காய் குழைய ஆரம்பிக்கும். முழுக் குழைவு வேண்டாம். அப்போது கீரையை நறுக்கி இரண்டு கைப்பிடி. உப்பு பார்க்க இந்த இடத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை, முட்டை விழுந்த பிறகு நான் வாயில் வைக்க முடியாது. நாக்கில் வைத்தேன். அடி ஆத்தி, அப்படி ஒரு ருசி! புளிப்பும் காரமும் ஒன்றோடொன்று சண்டை போட, நடுவில் அந்தக் கிரைப் வாட்டர் வாசனை வந்து இரண்டையும் சமாதானம் செய்கிறது. இன்னொரு ஸ்பூனும் எடுத்தேன்.

அப்புறம் முட்டை. நாற்பத்தோரு வயதில் முதல் முட்டை. முதலாவதை மெதுவாகத் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஓங்கித் தட்டினேன், முழுசும் மேடையில் வழிந்தது. வழவழவென்று விரலிடுக்கில் ஓடியதும் "முருகா!" என்று அலறிவிட்டேன். என்னமோ ஏதோ என்று கலை எழுந்து வந்துவிட்டாள். அடுத்த மூன்றும் ஓடு இல்லாமல் சட்டியில் விழுந்தன. கிளறாமல் ஒரு நிமிஷம் விட்டு, ஓரம் வெளுத்ததும் புரட்டி, ஈரம் போக நன்றாக வேகவிட்டு, கொத்தமல்லி தூவி இறக்கினேன். சந்தன சோப்பில் மூன்று தடவை கை கழுவினேன்.

கலை சோற்றோடு பிசைந்து சாப்பிட்டாள். நான் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு தட்டை நீட்டி, "இன்னும் இருக்கா?" என்றாள். மூன்று முட்டையில் அநேகமாக இரண்டு அவள் வயிற்றுக்குள் போய்விட்டது. அப்படியே சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள். அரை மணி, ஒரு மணி, அசையவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாங்காய் சீசனில் போங்கள், அதிகப் புளிப்பில்லாத கிளிமூக்காகக் கேட்டு வாங்குங்கள். சப்சிகே கட்டு இருபது ரூபாய்க்குள் கிடைக்கும், அன்றே சமைத்துவிட வேண்டும், மறுநாள் வாடிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் அது இல்லாமலே செய்யலாம், நான் இப்போது வீட்டில் வாரம் ஒரு தடவை செய்கிறேன். கீரைக்கு வேலூரில்தான் அலைய வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. வாந்தி இல்ல. தூங்கி இப்பதான் எழுந்தா."

"பருப்புப்பொடியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது உண்மை. "முட்டைம்மா. நான்தான் செஞ்சேன்."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன், இணைப்பு இருந்தது.

"எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டு எப்படிடி பத்தும்? உள்ள ஒண்ணு இருக்குல்ல? ராத்திரிக்கு இன்னொண்ணு ஒடைச்சுப் போடு." கொஞ்சம் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். "போனை அவகிட்ட குடு."

கொடுத்தேன்.