நாலாம் மாடித் தையலக்கா

தையலக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவளுடைய தையல் கடை, நாலாம் மாடியில் வீடு. லிஃப்ட் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் கதவில் தொங்கிய 'பழுது' அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது.

ஒரு வருடமாக அவளுக்கு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. வெளியே சொன்னால், கூடவே குடியிருக்கும் தங்கை சின்னவள் கடையை மூடச் சொல்வாள். ஆகவே தையலக்கா ஒரு வழி செய்தாள். மாடிக்கு ஒரு கதவைத் தட்டுவாள். "பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?", "முட்டிவலி தேவலையா?" என்று ஒரே ஒரு கேள்வி. அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டி ஆட்டியே மூச்சைச் சேர்த்துக்கொள்வாள். முதல் மாடி வாத்தியார் வாயைத் திறந்தால் இரண்டு மாடிக்கான மூச்சு கிடைத்துவிடும்.

"இந்தக் காலத்துல யாரு இப்படி நின்னு விசாரிக்கிறா!" என்று குடியிருப்பே உருகியது.

குட்டு உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாம் மாடியில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தட்டினாள், மறுபடி தட்டினாள், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குப்பை கொட்ட இறங்கிய சின்னவள் அக்காவின் வெளுத்த உதட்டையும் வீங்கிய கணுக்காலையும் பார்த்தாள்.

"எத்தனை நாளா இது?"

"எது?"

"அக்கா, நடிக்காத."

மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விஷயத்தைப் புட்டுப்புட்டு வைத்தார். இதயத்தின் இடப்பக்க வால்வில் இருக்கும் இரண்டு இதழ்களும் சரியாகச் சேரவில்லை. முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னே கசிகிறது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய அவள் வயதும் சிறுநீரகமும் இடம் கொடுக்காது.

"தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய், ரெண்டு இதழையும் நடுவுல ஒரு கிளிப் வச்சுச் சேர்த்துடுவோம்."

தையலக்கா அதைத் தன் தொழிலுக்கு மாற்றிப் பார்த்தாள். "கவுனோட கழுத்துப் பட்டனைக் கீழ் ஓரத்து வழியா கையை விட்டுத் தைக்கிறேங்கிறீங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட!"

"பிடிப்பு சரியில்லாமப் போச்சுன்னா?"

"கிளிப்பை விடுறதுக்கு முன்னாடி கவ்வ வச்சு ஸ்கேன்ல பார்ப்போம். சரியில்லைன்னா திறந்து வேற இடத்துல வைப்போம்."

"அப்ப சரி. பின் குத்திப் பார்க்காம தைக்கிறவங்களை நான் நம்ப மாட்டேன்."

பேச்சென்னவோ தைரியமாகத்தான் இருந்தது. மறுநாள் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் தையலக்கா சின்னவளின் விரலை விடவில்லை. நர்ஸ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். சின்னவள் வராந்தாவில் உட்கார்ந்து, ஊரில் உள்ள அத்தனை சாமிகளையும் தொந்தரவு செய்தாள்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா வந்தார். "ஒண்ணு பத்தலை, ரெண்டு போட்டிருக்கோம். துளி கசிவு மிச்சமிருக்கு, அது தொந்தரவு பண்ணாது."

"ரவிக்கைக்கே ரெண்டு கொக்கி பத்தாது டாக்டரம்மா," என்றாள் தையலக்கா, குரலே எழும்பாமல்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகி, ஆறாவது வாரம் நாலு மாடியையும் எங்கும் நிற்காமல் ஏறினாள். அன்று மாலையே வாத்தியார் நாலாம் மாடிக்கு வந்துவிட்டார். "எங்க மேல ஏதாவது கோபமாம்மா?" அவரை உட்கார வைத்து உண்மையை ஒப்புக்கொண்டாள். வாத்தியார் முதலில் முகம் சுருங்கினார். பிறகு, "பரவாயில்ல, நான் அன்னிக்குச் சொன்ன கதையில பாதி பாக்கி இருக்கு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உண்மையில் நஷ்டப்பட்டவள் சின்னவள்தான். அக்கா தங்கை சண்டையில் ஒரு வருடமாக அக்காவே விட்டுக்கொடுத்து வந்தாள். தன் பேச்சில் அவ்வளவு நியாயம் இருப்பதாகச் சின்னவள் நம்பியிருந்தாள். இப்போது ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆரம்பித்தால், அக்கா மூச்சுவிடாமல் பத்து நிமிடம் பேசுகிறாள்.

"அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு கிளிப்பைக் கழட்டித் தரச் சொல்றேன், இரு!" என்று கத்திவிட்டு, சின்னவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.