ஒரே விலைக் கட்டில்கள்

எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர் அவர். கம்ப்யூட்டர் கடைக்குத் தரை துடைக்கப் போய், துடைத்த கையாலேயே கீபோர்டைப் பிடித்து, இன்று தச்சர் சங்கத்துக்கு ஒரு விற்பனைத் தளமே கட்டிக் கொடுத்திருக்கிறார். யாரும் கைப்பிடித்துச் சொல்லித் தரவில்லை. இதை வீட்டில் அடிக்கடி அவரே நினைவுபடுத்துவார். “நம்ம தளத்துல ஒரு ஆணிகூடத் தொலையாது” என்பது அவர் வாயை விட்டு நீங்காத பேச்சு.

தொலைந்தது ஆணியல்ல, கட்டில். அதுவும் மனைவியின் தம்பி செய்தது.

மைத்துனன் மரத்தூள் அப்பிய சட்டையோடு பட்டறையிலிருந்து நேராக வந்து நின்றான். தன் பெயரைத் தட்டித் தேடினால் கட்டில் வருகிறதாம். பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் காணோமாம். அதனால் வாங்க ஒருவரும் விசாரிக்கவில்லையாம். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சரக்கை வேறு தளத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான்.

“சொந்த மச்சான் கட்டிலுக்கே இந்தக் கதி. மத்தவங்க நாற்காலியெல்லாம் எங்க நிக்குதோ, மாமா.”

அடுப்படியில் மனைவி சிரித்தது அவருக்குச் சுருக்கென்றது. இவன் போனால் இவன் பின்னால் சங்கமே போகும்.

தளத்தில் கட்டில் பட்டியலைத் திறந்தார். குறைந்த விலை முதலில் வரும் வரிசை. முதல் பக்கத்தின் அடியில், வேறொரு தச்சர் செய்த, தலைமாட்டில் பூ செதுக்கிய கட்டில் ஒன்று. இரண்டாம் பக்கத்தின் உச்சியிலும் அதே பூக்கட்டில். கோபம் போன இடம் தெரியவில்லை. இதென்ன வேடிக்கை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்று இரண்டு தரம் தலைகாட்டினால், இன்னொன்று வெளியே நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

விலைகளைப் பார்த்தார். அத்தனை கட்டிலும் ஒரே விலை. ஒருவனைவிட ஒருவன் குறைத்து விற்கக் கூடாது என்பது தச்சர்களுக்குள் கட்டுப்பாடு. அங்கேதான் பொறி தட்டியது. தளத்தைக் கட்டப் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கில் அவர் எழுதியிருந்தது ‘விலைப்படி அடுக்கு’ என்பது மட்டும்தான். விலை சமமானால் யார் முன்னே என்று சொல்லவில்லை. சொல்லாததை, சரக்கு விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் தன் வசதிக்குச் செய்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் கேட்கும்போது, சமமானவற்றை வேறு மாதிரி அடுக்கிக் கொடுத்தது. முதல் பக்கத்தைக் கேட்டபோது மச்சான் கட்டில் இரண்டாவதில் இருந்தது. இரண்டாவதைக் கேட்பதற்குள் முதலாவதற்குத் தாவிவிட்டது.

அடுக்கும் வரியில் விலைக்குப் பக்கத்தில் பொருளின் பதிவு எண்ணையும் சேர்த்தார். சமமென்றால், முதலில் பதிந்தது முதலில். பட்டம் வாங்கியவன் கண்டுபிடித்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பான் என்று மனைவிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டார்.

மைத்துனனை அழைத்துக் காட்டினார். கட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நின்றது.

“ஏன் மாமா கடைசியில?”

“கடைசியாச் சேர்ந்தவன் நீதானே. விலையைக் குறை மச்சான், மேல வந்துடும்.”

“சங்கத்துல தோலை உரிச்சிடுவாங்க.”

அவன் பக்கத்தை மாற்றி மாற்றி அழுத்தினான். கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. சனிக்கிழமைப் பேச்சை எடுக்காமல் சட்டையை உதறிவிட்டு, “அக்கா, சாப்பாடு ஆச்சா?” என்று உள்ளே போனான்.