சுவருக்கு வெளியே

சுண்ணாம்பு நீறும் வாசனை எங்கிருந்து வந்தாலும் இன்றும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வருகிறது. கடத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஓட்டுக் கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பாதான் கூலி வாங்காமல் வெள்ளையடிப்பார். ஆனால் அம்மாவும் நானும் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அவர் எடுக்கவில்லை.

“முனியப்பா, வெள்ளையடிச்சா மோட்சம் கெடைச்சிருமா? விசுவாசம் வேணும்ப்பா,” என்பார் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார்.

“அது வர்றப்ப வரட்டுங்க. செவுரு அழுக்கா இருக்குதுங்களே,” என்று அப்பா நார்மட்டையை வாளியில் தோய்ப்பார்.

ஞானஸ்நானம் இல்லையென்று அவரைச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். அப்பா மோட்சத்துக்குப் போனாரோ இல்லையோ என்ற பயம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. இப்போது அங்கே கோயிலும் இல்லை, சுவரும் இல்லை, வெறும் புல். போய் நின்றால், அவர் படுத்திருப்பது உள்ளேயா வெளியேயா என்று தெரியாததுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.