ரேணிகுண்டா ரோட்டில் கடல் தண்ணீர்

அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. நகரியில் விசைத்தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. வெளியூர்த் துணி மலிவாக வந்து இறங்க ஆரம்பித்த பிறகு, எங்கள் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆண்கள் பலர் குவைத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். நான் திருச்சானூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ரேணிகுண்டா ரோட்டில் புதிதாக வந்த ஃபைபர் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கடைக்கூரை இவைதான் அங்கே செய்வோம். கண்ணாடி நார் விரிப்பை அச்சின்மேல் போட்டு, ரெசின் பசை பூசி, உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவது என் வேலை. முழங்கை வரை அரித்துக்கொண்டே இருக்கும். மற்றபடி பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

ஒரு கோடையில் லாரியின் மேல் ஒரு மீன்பிடிப் படகு வந்தது. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் ஒருவருடையது. தொட்டி செய்கிறவன் படகு செய்யக்கூடாதா என்று முதலாளிக்கு ஓர் ஆசை. அவர்தான் பழுது பார்க்க வரவழைத்திருந்தார். ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின. படகை இறக்கி, டயர்கள் மேலும் மரக்கட்டைகள் மேலும் உட்கார வைத்தோம்.

"ஒரு பக்கமா சாயுது. இஞ்சின் இஸ்க்கமாட்டேங்குது. எங்கியோ உப்புத் தண்ணி பூந்துக்கினு கீது" என்றார் மீனவர்.

எங்கள் மேஸ்திரி புத்தூர்க்காரர், பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுவார். அவர் படகைச் சுற்றிவந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் கணீரென்றது. உள்ளே ஊறிப்போன இடங்களில் செத்த சத்தம் வந்தது. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அசைத்தபோது உள்ளே தண்ணீர் புரள்வது கேட்டது. படகின் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே, எல்லாப் பக்கமும் மூடிய இடத்தில் அது அடைபட்டிருந்தது. அதை வெளியேற்றி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவைக்காவிட்டால் ரெசின் பிடிக்காது.

"அடியில ஓர் ஓட்ட போட்டா கொட்டிடும்" என்றார் மேஸ்திரி.

"வாணாம். அடியில ஓட்டை உழுந்த படகை நம்பி நான் கடலுக்குப் போவமாட்டேன்" என்று மீனவர் மறித்தார்.

மிச்சமிருந்தது ஒரு வழி. படகின் மூக்குப் பக்கம் மேல்தளத்தில் மூடி போட்ட ஒரு துளை இருந்தது. அதற்குள் இறங்கினால் சின்ன அறை. அந்த அறைக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ஒரு குறுக்குச் சுவர். அந்தச் சுவரில் சின்னத் துளை போட்டு, ஒழுகி வரும் தண்ணீரை மொண்டு மேலே கொடுக்க வேண்டும். அந்தத் துளைக்குள் போகிற உடம்பு ஷெட்டில் என்னுடையது மட்டும்தான். தறிக்கு அடியில் புகுந்து பழகியவள் என்பதால் நானும் சரி என்றேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளே காற்றே இல்லை. அழுகிய மீனும் டீசலும் கலந்த நாற்றம். உட்காரலாம், நிமிர முடியாது. பேட்டரி லைட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவர்வரை தவழ்ந்து போய்க் கைத் துளைப்பானைச் சுற்றினேன். விரல் கனத்தில் தண்ணீர் பீறிட்டது. முகத்தில் பட்டதும் கண் எரிந்தது. மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினேன். மேஸ்திரி கயிற்றால் வாளியை இழுத்தார்.

ஆறேழு வாளி போயிருக்கும். சுவர் ஈரமாக, மெத்தென்று இருப்பதைக் கையில் உணர்ந்தேன். உள்ளே வைத்திருந்த பிளைவுட் ஊறிப்போயிருந்தது. மேஸ்திரியிடம் சொல்லலாம் என்று தலையைத் திருப்பினேன். அதற்குள் சுவர் கீழிருந்து பிளந்தது.

தண்ணீர் என்னை அப்படியே பின்னுக்குத் தள்ளியது. வெளிச்சம் அணைந்தது. பாரமெல்லாம் முன்பக்கம் வந்ததால் படகின் மூக்கு கட்டையிலிருந்து நழுவித் தரையில் மோதியது. மிச்சத் தண்ணீரும் என்னை நோக்கி ஓடிவந்தது. இறங்கி வந்த துளையைத் தாண்டி, மூக்கின் கூம்புக்குள் நான் செருகிக்கொண்டேன். உடைந்த பலகை என் மார்புக்குக் குறுக்கே வந்து இறுகி நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் துளை, பகல் வெளிச்சம். இந்தப் பக்கம் நான்.

தண்ணீர் வயிற்றைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது. கத்த வாயைத் திறந்தேன், உப்பு உள்ளே போனது. எனக்கு நீச்சல் தெரியாது, தெரிந்திருந்தாலும் அங்கே உதவாது. வெளியே ஒரு பஸ் கண்டக்டர் "திருப்பதி, திருப்பதி" என்று கூவுவது தெளிவாகக் கேட்டது. ரோட்டோரத்துத் தகரக் கொட்டகைக்குள், கடல் தண்ணீரில் மூழ்கிச் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். குவைத்துக்கு இதை எப்படித் தந்தி அடிப்பார்கள், யார் நம்புவார்கள் என்றும் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படியெல்லாம் தோன்றும் என்று முன்பு எனக்குத் தெரியாது.

"பயபடகம்மா! பயப்படாத!" என்று மேஸ்திரி கத்தினார். ஒரு கை துளை வழியாக நீண்டு பலகையைப் பிடித்து இழுத்தது. பலகை அசையவில்லை. தண்ணீர் மோவாயைத் தொட்டது.

"மொதலாளிக்கு போன் பண்றேன், அவரு வந்து..." என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

"யோவ், கடப்பாரைய எடு."

"படகு போயிடும்பா!"

"என் போட்டு. நான் ஒடைக்கிறேன். எட்றா!"

மீனவரின் குரல் படகின் மூக்குக்கு வெளியே, என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "தங்கச்சி, முதுகு எங்க கீது? தட்டு. நீ தட்டற எடத்துல நான் போடமாட்டேன்."

முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து மூன்று தடவை தட்டினேன்.

"காலு?"

தண்ணீருக்குள் குதிகாலால் உதைத்தேன். கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. அந்தச் சந்தேகம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. மறுபடி உதைத்தேன்.

"கேக்குது, கேக்குது. மூச்சப் புடிச்சிக்கினு இரு."

முதல் அடியில் படகே அதிர்ந்தது. இரண்டாவது அடி முழங்காலுக்கு எவ்வளவு பக்கத்தில் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயை மூடி, முகத்தை மேலே தூக்கி மூக்கால் மட்டும் மூச்சு விட்டேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஏதோ ஓர் அடியில் இரும்பு உள்ளே வந்தது. தொடைக்குக் கீழே தண்ணீர் சுழன்று இறங்குவது தெரிந்தது. மோவாய் விட்டது, கழுத்து விட்டது. நான் அழ ஆரம்பித்தேன்.

ஓட்டையைப் பெரிதாக உடைத்து அந்த வழியாகவே என்னை இழுத்தார்கள். உடைந்த ஃபைபர் விளிம்பு தோளைக் கிழித்தது, அப்போது வலிக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து கறுப்பாக வாந்தி எடுத்தேன். மீனவர் ஒரு குடம் நல்ல தண்ணீரை என் தலையில் ஊற்ற வந்தார். நான் அலறிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, படகின் உடைந்த மூக்கைப் பார்த்தபடி நின்றார்.

"மன்னிச்சிருங்கண்ணா" என்றேன்.

"நீ இன்னாம்மா பண்ண?" என்றார். "அடியிலியே ஓட்ட போட உட்டிருக்கணும். நான்தான் வாணான்னேன்."

நான்காம் நாள் வேலைக்குப் போனேன். படகு கழுவிக் காய்ந்திருந்தது. அதன் மூக்கை அடைக்க மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டார். நான் செய்கிறேன் என்றேன். வெளியே நின்றபடி, விரிப்பின்மேல் விரிப்பாக ஏழு அடுக்கு போட்டேன். நான்கு போதும் என்றார் மேஸ்திரி. கடைசியில் உள்பக்கமும் ஓர் அடுக்கு போடவேண்டியிருந்தது. துளைக்குள் தலையை மட்டும் விட்டுப் பார்த்தேன். நாற்றம் மூக்கில் ஏறியதும் கால் தானாகப் பின்வாங்கியது. முடியாது என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி மேல்தளத்தை அறுத்துத் திறந்து, தானே குனிந்து அந்த வேலையை முடித்தார்.

லாரியில் ஏற்றும்போது மீனவர் நான் அடைத்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. தலையை ஆட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் நான் அந்த ஷெட்டில் வேலை செய்தேன். முதலாளி இன்னொரு படகுக்கு ஆசைப்படவில்லை. ஆளுயரத் தொட்டிகளை உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டி வரும்போது மட்டும், அவற்றைத் தரையில் சாய்த்துப் போடச் சொல்லி, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் தேய்ப்பேன்.