அஸ்லத்திடமிருந்து திரும்பி வந்த மெஷின்

சுனாமியில் சாய்ந்து நின்ற சவுக்கு மரங்களை அறுத்துத்தான் தனகோடி அந்த வருடம் குடும்பம் நடத்தினான். அவன் அறுக்கும்போது, மரம் அவன்மேல் விழாமல் கயிறு கட்டி இழுப்பவன் அஸ்லம். அந்த அஸ்லம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்த பெட்ரோல் ரம்பம், மறுநாள் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. தனகோடி ஸ்டார்ட்டரை மறுபடி இழுத்தான், மறுபடி நின்றது.

"நல்ல கார்புரேட்டரைக் கழட்டிக்கினு பழசை மாட்டிட்டான்!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

"நீ பாத்தியா?" என்றாள் மனைவி ரேணுகா.

"பாக்கணுமா? குடுக்கும்போதே அவன் மூஞ்சி சரியில்ல."

பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொறி நன்றாகவே வந்தது. டேங்க் மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அப்படியே இழுக்க, மெஷின் நிற்காமல் ஓடியது. மூடியின் காற்றுத் துளையை கிரீஸ் அடைத்திருந்ததால் பெட்ரோல் இறங்கவில்லை. உப்புக்காற்றுக்குப் பயந்து இரும்புச் சாமான் எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூசுவது உப்பளம் சூழ்ந்த அந்த ஊரின் பழக்கம். நேற்று மாலை மூடியையும் விடாமல் பூசியவன் தனகோடியேதான்.

நிமிர்ந்தால், வாசலில் அஸ்லம்.

"வாடா, இடையஞ்சாவடியில தோப்பு பேசியிருக்கேன். காலையில போலாம்" என்றான் தனகோடி.

"திருடன் எதுக்குண்ணா உனக்கு? வேற ஆளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அஸ்லம் நடந்தான்.

கயிறு இழுக்க ஊரில் ஆள் கிடைக்கும். யாரை நம்பி மரத்தடியில் நிற்பது என்றுதான் தனகோடிக்குத் தெரியவில்லை.