வெள்ளைப் புகைக்குக் கைதட்டியவர்கள்

போன வருடம் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கோபம்தான் வருகிறது. பாதி என்மேல், மீதி அன்று கைதட்டினவர்கள்மேல்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏர்கான் பழுது பார்ப்பவன். ரேடியோ கன்ட்ரோலில் பறக்கும் மாடல் விமானம் கட்டுவது என் பன்னிரண்டு வருடப் பைத்தியம். இரண்டு மீட்டர் இறக்கை, பெட்ரோல் எஞ்சின், ஆறு கிலோ எடை. பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். என் மச்சானின் மகள் படிக்கும் பள்ளி என்பதால், போட்டியன்று திடலில் பறக்கவிட நானே முன்வந்தேன்.

பெற்றோர் சங்கத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் பிளேன்தானா பாஸ்? புகையெல்லாம் விடாதா? டிரோன்காரன கூப்பிட்டா லைட்டெல்லாம் போட்டு கலக்குறான் லா."

எனக்குச் சுருக்கென்றது. புகை வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போட்டிக்கு இரண்டே வாரம்தான் இருந்தது.

புகை விடுவது பெரிய மாயமில்லை. சின்ன டாங்கியில் எண்ணெய் ஊற்றி, ஒரு குட்டிப் பம்பால் அதைச் எஞ்சினின் சூடான எக்ஸோஸ் குழாய்க்குள் செலுத்தினால் வெள்ளையாகப் புகையும். பம்பை ரிமோட்டில் ஒரு சுவிட்சோடு இணைத்தால் வேலை முடிந்தது. டாங்கியை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. விமானத்தின் முன்பக்கம் பெட்ரோல் டாங்கியும் பேட்டரியும் அடைத்துக்கொண்டிருந்தன. நடுவில் வைக்க வேண்டுமென்றால் உள்ளே பாதியைப் பிரிக்க வேண்டும். யாருக்குப் பொறுமை? இறக்கைக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அங்கே வைத்துக் கட்டிவிட்டேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பறக்கவிடும் முன் இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒருவராக நின்று விரல் நுனியால் விமானத்தைத் தூக்கிப் பார்ப்போம். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. இதை பெட்ரோல் டாங்கி காலியாக இருக்கும்போதுதான் பார்ப்போம். பெட்ரோல் முன்னால் இருப்பதால், அது தீர்ந்த பிறகுதான் வால் அதிகம் கனக்கும். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் செய்து வந்தேன். போட்டியன்று காலை வீட்டிலும் நானும் மச்சானும் இரண்டு டாங்கியையும் காலியாக வைத்துத் தூக்கிப் பார்த்தோம். மூக்கு அழகாகத் தாழ்ந்தது.

திடலில் புகை எண்ணெயை ஊற்றி முடித்ததும் மச்சான் தயங்கியபடி கேட்டான்.

"மச்சான், இன்னொரு தடவ தூக்கிப் பாத்துடலாமா?"

"காலைலதானே பாத்தோம்? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, தள்ளு" என்று எரிந்து விழுந்தேன்.

விமானம் தரையை விட்டதுமே மூக்கை வானத்துக்குத் தூக்கியது. நான் தூக்கச் சொல்லவே இல்லை. கீழே அழுத்தினால் குத்தென்று இறங்கியது, விட்டால் மறுபடி எகிறியது. ஒரு சுற்று எப்படியோ சமாளித்தேன். இறக்கியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. சுவிட்சைத் தட்டினேன். நீலவானத்தில் வெள்ளைக்கோடு விழுந்ததும் திடலே ஆரவாரித்தது.

அடுத்த திருப்பத்தில் வேகம் குறைந்து ஓர் இறக்கை சரிந்தது. விமானம் புகையைக் கக்கிக்கொண்டே பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நீல அணிக் கூடாரத்தை நோக்கித் தலைகுப்புற வந்தது. என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழு வேகம் கொடுத்து இழுத்தேன் போலிருக்கிறது. கூடாரத்தின் மேல்துணி படபடக்க, அதைத் தொடாமல் ஏறிப் போனது. பிள்ளைகள் கத்தியது பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, குஷியில்.

பதற்றத்தில் புகையை நிறுத்த மறந்துவிட்டேன். அதுதான் காப்பாற்றியது. புகை மெலிய மெலிய விமானம் சாதுவாகிவிட்டது. சொன்னபடி கேட்டது. டாங்கி காலியாகிறது, வால் லேசாகிறது என்று அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் டாங்கிக்குப் பழகிய கணக்கை, பின்னால் இருக்கும் டாங்கிக்கும் போட்டிருக்கிறேன்! பின்பாரத்தை நிரப்பிவிட்டுத்தான் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

இறக்கினேன். கைதட்டல் அடங்கவே இல்லை. தலைவர் மைக்கில் "பாத்தீங்களா ஸ்டண்ட்ட!" என்று முழங்கினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அப்போதுதான் ஒருவர் மட்டும் கோபமாக வந்தார். பள்ளிக் கேன்டீன் நடத்தும் அக்கா. எனக்குப் பக்கத்தில் மேசை போட்டுத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவர்.

"அது ஸ்டண்ட் இல்ல. எல்லாரும் மேல பாத்தாங்க, நான் ஒங்க கையப் பாத்தேன். வெடவெடன்னு நடுங்குச்சி. அந்தக் கூடாரத்துலதான் எம்மவ ஒக்காந்திருக்கா."

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். தலைவர் பக்கத்தில் நின்றார். நான்கைந்து பேர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்களுக்கு என்னக்கா தெரியும்? போய் மீ கோரேங் பெரட்டுற வேலைய பாருங்க" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் புகை டாங்கியை நிரப்பி, மச்சானோடு விரல் வைத்துத் தூக்கினேன். வால் தடாலென்று தரையில் இடித்தது. மச்சானின் மகளும் நீல அணிதான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் அந்தக் கேன்டீனுக்குப் போனேன். ஓய்வு நேரம் முடிந்து, அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, பேசியதும் தப்பு என்றேன். அவர் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"இத எங்கிட்ட வந்து மெதுவா சொல்றீங்க. அன்னிக்கு மைக்குலதானே ஸ்டண்ட்டுன்னு சொன்னாங்க? அங்க சொல்லுங்க."

அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி, நடந்ததை எழுதி மச்சானின் மனைவிக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் போட்டார். அது வித்தையல்ல, என் கவனக்குறைவு, உங்கள் பிள்ளைகள் மயிரிழையில் தப்பினார்கள் என்று எழுதியிருந்தேன். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். நான்கு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் 'ரொம்பத் தன்னடக்கம்' என்று எழுதினார். தலைவர் மட்டும் போன் செய்து, பள்ளிப் பேரைக் கெடுக்கிறேன் என்று பாய்ந்தார். பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாங்கி இப்போது நடுவில் இருக்கிறது. ஆளில்லாத செம்பனைக்காட்டு ஓரத்தில் மட்டும்தான் புகை விடுகிறேன். அந்த வீடியோ இன்னும் சுற்றுகிறது. செமினி என்ற ஊரில் ஏர்கான் கழுவப் போன வீட்டில்கூட ஒருவர் எனக்கே காட்டி, "செம்ம பைலட் லா இவன்" என்றார். அது நான்தான், அது விபத்து என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த அக்கா இன்றுவரை என்னிடம் சிரித்ததில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. யாராவது என்னைப் பார்த்துக் கைதட்டினால், முதலில் குனிந்து என் கை நடுங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொள்கிறேன்.