தேங்காயெண்ணெய் போட்ட பொத்தான்

மெய்ஸ்கேயைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகு. புனாக்கென் தீவில் முக்குளிக்க வருகிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று அடைக்கிற வேலை எனக்கு. அவள் அவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் கைடு. அவள் புருஷன் நோல்டி அதே படகை ஓட்டுகிறவன். காலையில் மூன்று பேரும் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவோம்.

அவளுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். மீன் விற்ற தாயிடமிருந்து வந்தது. விருந்தாளி எவ்வளவு பெரிய ஆளானாலும் படகில் ஏறியதும் அதட்டல்தான். "இந்த வயித்த வச்சுக்கிட்டு இந்த பெல்ட்டா? மூச்ச விடுங்க, விடுங்க, இன்னும்!" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே விடுவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. புது மிதவைச் சட்டை விருந்தாளிக்கு. அது பழுதானால் கைடுக்கு. முதுகில் சிலிண்டரோடு மாட்டும் சட்டை அது. பொத்தானை அழுத்தினால் குழாய் வழியே காற்று ஏறி ஆளை மிதக்க வைக்கும். மெய்ஸ்கேயின் சட்டையில் அழுத்திய பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காற்று ஏறிக்கொண்டே போகும். ஆழத்தில் அப்படி ஆனால் ஆளை மேலே வீசிவிடும், நுரையீரல் கிழியும். அதனால் அவள் குழாயை மாட்டாமலே இறங்கி, வேண்டும்போது வாயால் ஊதிக்கொள்வாள். புதுப் பொத்தான் கேட்டால் விடுதி முதலாளி, "அடுத்த படகுல வருது" என்பார். படகில் பீர் வந்தது, தலையணை வந்தது, பொத்தான் மட்டும் வரவில்லை.

கடைசியில் நோல்டி பொறுக்க மாட்டாமல் சட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"தினமும் உப்புத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வாயெல்லாம் புண்ணு. நான் சரி பண்ணித் தர்றேன் இரு."

"நீயா? படகு எஞ்சினையே உதைச்சுத்தான் கிளப்புற. என் சட்டையையும் உதைக்கப் போறியா?"

"பேசாம இருடி."

பொத்தானைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து, சமையலறைத் தேங்காயெண்ணெயைத் தடவினான். எங்கள் தீவில் கதவுக் கீலுக்கும் அதுதான், குழந்தை தலைக்கும் அதுதான். பொத்தான் டிக் டிக்கென்று போய் வந்தது. எல்லோரும் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். மெய்ஸ்கே குழாயை மாட்டினாள். அந்த வாரம் முழுக்க, "என் வீட்டுக்காரன் எஞ்சினியர் ஆயிட்டான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்த எண்ணெய் உப்பையும் மணலையும் பிடித்து உள்ளே பிசினாய் இறுகிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரம் ஒரு நாள் பாறைச் சுவரோரம் நீரோட்டம் கீழ்நோக்கி இழுத்திருக்கிறது. முக்குளிக்க வந்திருந்த யோப் என்ற வயதான டச்சுக்காரரை அது வாரிக்கொண்டு போனது. அவள் அவரைத் துரத்திப் போனதை இன்னொரு கைடு பார்த்தான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

படகிலிருந்த நோல்டிக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரைப் பிளந்துகொண்டு அவள் இடுப்புவரை எழும்பியதுதான். விளையாடுகிறாள் என்று நினைத்து, "என்னடி, கீழ போரடிச்சிடுச்சா?" என்று கத்தினானாம். சட்டை பலூனாக ஊதிக் கிடந்தது. படகில் தூக்கிப் போட்டதும், "அந்த ஆளு கீழ இருக்காரு, பாருங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் நாக்குக் குழறியது. ஒரு கை தொய்ந்தது. கரைக்கு வந்து ஆக்சிஜன் சிலிண்டரோடு என்னையும் ஏற்றிக்கொண்டு மனாடோ நகர ஆஸ்பத்திரிக்குப் படகை விரட்டினான். நகரத்துக் கட்டிடங்கள் கண்ணில் படும்போது என் மடியில் அவள் மூச்சு நின்றிருந்தது. ஐயோ, எவ்வளவு மூச்சு வைத்திருந்தவள்!

அடக்கம் முடிந்ததும் நோல்டிக்கு ஒரே கேள்வி. என்னையும் கேட்டான், போதகரையும் கேட்டான், நாயையும்கூடக் கேட்டிருப்பான்.

"பொத்தான் மாட்டிக்கிட்டா குழாயப் பிடுங்கணும். கண்ண மூடிக்கிட்டுப் பிடுங்குவா அவ. அவ ஏன் பிடுங்கல, அக்கா?"

"அது விதிடா."

"விதி இல்ல, என் எண்ணெய். ஆனா எண்ணெய் போட்டாலும் பிடுங்கலாமே. ஏன் பிடுங்கல?"

நான் முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அவன் காதில் அது ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நோல்டி வீட்டில் ஜெபம். காப்பியும் பலகாரமும் சுற்றி வந்தபோது யோப் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். எங்கள் பாஷை அவருக்குத் தட்டுத்தடுமாறி வரும். நோல்டி அவரை உட்காரவைத்துத் தட்டை நீட்டிவிட்டு, அதே கேள்வியைத்தான் கேட்டான். கீழே என்ன நடந்தது?

"ரொம்ப பயம் எனக்கு," என்றார். "அவங்க வந்து பிடிச்சாங்க. நானும் பிடிச்சேன். இங்க," என்று தன் இடது மார்பில், பொத்தான் தொங்குகிற இடத்தில் கைவைத்தார். "இறுக்கி. விடவே இல்ல. அப்ப ரெண்டு பேரும் மேல போக ஆரம்பிச்சோம். அவங்க என் விரல ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. ரெண்டு கையாலயும் என் கைய எடுத்துப் பாறையில வச்சு அழுத்தினாங்க. அப்புறம் பார்த்தா அவங்க இல்ல. நான் பாறையப் பிடிச்சு மெதுவா மேல வந்தேன்."

 அந்த ஆளின் பிடியில்தான் பொத்தான் அழுந்தி, எண்ணெய்ப் பிசினில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கூடவே மேலே வந்தால் அவர் நுரையீரலும் கிழியும் என்று, தன் குழாயைப் பிடுங்க வேண்டிய கைகளால் அவரைப் பாறையில் ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நோல்டியின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார் யோப்.

நோல்டி காப்பிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினான். பிறகு, "இல்லீங்க. பழைய பொத்தான். தானா மாட்டிக்கிச்சு. காப்பி ஆறுது, குடிங்க," என்றான்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார். இரண்டாவது பலகாரத்தையும் நோல்டிதான் எடுத்து வைத்தான். படகுத்துறைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவளத் திட்டிக்கிட்டாவது காலத்த ஓட்டலாம்னு இருந்தேன் அக்கா. இப்படிப் பிடுங்கத் தெரியாதவ மாதிரி செத்துட்டியேன்னு. இனி நான் யாரத் திட்டுவேன்?"

அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன்.